டிராகன் ஏஜ் 2: ஆட்கள் அசல், ஊர் நகல்

2011 மார்ச்சில் வெளிவந்த டிராகன் ஏஜ் 2 என்ற வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் இரண்டு கட்சி. தொடரையே கெடுத்த, அள்ளித் தெளித்த அவசரக் கோலம் என்பார்கள் ஒரு சாரார். இந்தத் தொடரில் எழுத்து என்று ஒன்று இருந்தால் அது இதில்தான் என்பார்கள் மறு சாரார். இரண்டு கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இருக்கிறது. எதையும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்த விளையாட்டைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. இன்னும் ஆடாதவர்கள், கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று நினைப்பவர்கள், கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போய்விடலாம்.

முதல் பாகமான ஆரிஜின்ஸை பயோவேர் நிறுவனம் 2004-இல் அறிவித்து 2009 நவம்பரில்தான் வெளியிட்டது. ஆறு விதமான தொடக்கக் கதைகள், ஒரு நாடு முழுக்கப் பயணம், முடிவில் ஒரு பெரும் டிராகன் என்று வயிறு நிறையப் பரிமாறினார்கள். இரண்டாம் பாகம் அதிலிருந்து 16 மாதங்களில் கடைக்கு வந்துவிட்டது. நடுவில், 2010 மார்ச்சில், அவேக்கனிங் என்ற விரிவாக்கம் வேறு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே நான் புலம்பப்போவதில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும். காரணம் விளங்கியதால் மன்னித்துவிட வேண்டும் என்றில்லை. விலையில் ஒன்றும் பாதி குறைத்துக்கொள்ளவில்லை.

அந்த அவசரத்திலும் ஒரு துணிச்சலான முடிவை எடுத்திருக்கிறார்கள். இதன் நாயகன் ஹாக், உலகத்தைக் காக்கப் புறப்பட்டவன் இல்லை. ஊரை இழந்த அகதி. (ஆணா பெண்ணா என்பது நம் விருப்பம், நான் எழுத்துக்கு வசதியாக ‘அவன்’ என்கிறேன்.) லோதரிங் என்ற சிற்றூர் அரக்கப் படையிடம் வீழ்கிறது. அம்மா லியாண்ட்ரா, இரட்டையரான தம்பி கார்வர், தங்கை பெத்தனி ஆகியோருடன் ஹாக் ஓடுகிறான். ஓட்டத்தின் முதல் அரை மணியிலேயே ஓகர் என்ற ராட்சத அரக்கன் இரட்டையரில் ஒருவரைத் தூக்கி நிலத்தில் அடித்துக் கொன்றுவிடுகிறது. யார் சாவது என்பது ஹாக்குக்கு நாம் என்ன தொழில் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்தது. மந்திரவாதி என்றால் பெத்தனி சாவாள். வாள்வீரன் அல்லது ரோக் (மறைந்து தாக்குபவன்) என்றால் கார்வர். கடல் கடந்து கிர்க்வால் நகருக்கு வந்தால், நம்பி வந்த தாய்மாமன் கேம்லன் குடும்பத்தின் மாளிகையைக் கடனிலும் சூதாட்டத்திலும் தொலைத்துவிட்டு ஓட்டைக் குடிசையில் உட்கார்ந்திருக்கிறார். நகருக்குள் நுழையவே கூலிப்படையிலோ கடத்தல்காரியிடமோ ஓராண்டு உழைத்துக் கழிக்க வேண்டும். அடுத்த ஏழு ஆண்டுகளும் அந்த ஒரே ஊர்.

கதையைச் சொல்பவன் வாரிக் என்ற குள்ளன், ஹாக்கின் கூட்டாளி. அவனைப் பிடித்துவைத்து விசாரிப்பவள் கஸாண்ட்ரா என்ற அதிகாரி. நாம் ஆடுவதெல்லாம் வாரிக்கின் வாக்குமூலம். இந்த உத்தியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் விளையாட்டாகவே மாற்றியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஹாக் ஒரே வீச்சில் கூட்டம் கூட்டமாக எதிரிகளைச் சிதறடிக்கிறான். என்ன இவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நாம் முகம் சுளிக்கும் நேரத்தில் கஸாண்ட்ரா குறுக்கிட்டு, கதை அளக்காதே என்று அதட்டுகிறாள். பிறகுதான் உண்மையான பலத்துடன் ஆட்டம் தொடங்குகிறது. இரண்டாம் அங்கத்தில் இன்னும் அருமையான இடம் ஒன்று வரும். தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் பார்ட்ரண்டின் மாளிகைக்குள் வாரிக் தனி ஆளாக நுழைகிறான், அம்பு மழை பொழிகிறான், கூட்டத்தையே சாய்த்துவிடுகிறான். அதையும் ஆடுவது நாம்தான். கஸாண்ட்ரா மறுபடி தலையிட, வாரிக் பெருமூச்சுவிட்டு நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறான். ஏழு ஆண்டுக் கதையில் இந்த வித்தையை இன்னும் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கலாம். கைவிட்டுவிட்டார்கள்.

இனி ஊருக்கு வருவோம். கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. திரையின் ஓரத்தில் இருக்கும் மினிமேப் மற்றவர்களுக்கு வழிகாட்டி. எனக்கு அது தரைத்தள வரைபடம். அதனால் இந்த விளையாட்டின் ஆகப்பெரிய குறை மற்றவர்களைவிட என் கண்ணை அதிகம் குத்தியது. ஒரு குகை. நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு வளைவு, பிறகு ஒரு பெரிய கூடம், அதன் பின்னால் மேடேறும் பாதை. அடுத்த பணிக்கு வேறு மலையில் வேறு குகை என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதே வளைவு, அதே கூடம், அதே மேடு. முதலில் பின்வாசலாக இருந்ததை இப்போது முன்வாசல் ஆக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். முன்பு திறந்திருந்த வழியில் ஒரு கல் பலகையை வைத்து மூடியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், மூடிய பகுதியை மினிமேப்பிலிருந்து அழிக்கவில்லை. கண்ணெதிரே சுவர், வரைபடத்தில் அதன் பின்னால் நான்கு அறைகள். முதல் தடவை அது ஏதோ ரகசிய வழி என்று நினைத்து அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி வராதவர் யாரும் இருக்க முடியாது. கிடங்கு என்றால் ஒரே கிடங்கு. பணக்காரர் மாளிகை என்றால் ஒரே மாளிகை. யார் வீட்டுக்குப் போனாலும் படிக்கட்டு அதே இடத்தில்தான். வாடிக்கையாளர் ஒருவருக்கு இன்னொருவரின் வரைபடத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்தால் என்ன பேச்சு வாங்குவேன் என்று எனக்குத் தெரியும்.

இதில் எரிச்சலைவிட வருத்தமே அதிகம். ஏனென்றால் கிர்க்வால் காகிதத்தில் அருமையான ஊர். டெவின்டர் பேரரசின் காலத்தில் அடிமை வணிகத்துக்காக வளர்ந்த நகரம். துறைமுக வாயிலில் தலை கவிழ்ந்து அழும் அடிமைகளின் பெரும் வெண்கலச் சிலைகள். அன்று அடிமைகளை அடைத்துவைத்த ‘கேலோஸ்’ இன்று மந்திரவாதிகளை அடைத்துவைக்கும் இடம், காவலுக்கு டெம்ப்ளர்கள் என்ற வீரர்கள். மேலே ஹைடவுன், கீழே லோடவுன், அதற்கும் கீழே வெளிச்சமே இல்லாத டார்க்டவுன். கதை சொல்ல வரும் அநீதி முழுவதும் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஏழு ஆண்டுகளில் அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு வெள்ளை அடித்ததாகக்கூடத் தெரியவில்லை. அங்கத்துக்கு அங்கம் மூன்று ஆண்டுகள் கழிந்தன என்கிறார்கள். சந்தைக்குப் போனால் கடைக்காரர் அதே இடத்தில், அதே பந்தலின் கீழ் நிற்கிறார். நகருக்குள் நுழைவதற்காக உழைத்த அந்த முதல் ஓராண்டு? அது நமக்குக் கிடையாது. ‘ஓராண்டு கழித்து’ என்று தாண்டிவிடுகிறார்கள். அகதி வாழ்க்கையை எழுத இடம் கிடைத்தும் அதைச் சுருட்டிப் பாயோடு வைத்துவிட்டார்கள். கூடுதலாக ஓர் அபத்தமும் உண்டு: மந்திரவாதிகளைக் கண்டாலே பிடித்து அடைக்கும் நகரத்தில், ஹாக் மந்திரவாதியாக இருந்தால் கையில் கோலோடு நடுத்தெருவில் நெருப்பைக் கொட்டுவான், ஒரு டெம்ப்ளரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இத்தனை திட்டிவிட்டும் ஏன் இந்த விளையாட்டை மறுபடி மறுபடி எடுக்கிறேன் என்றால், ஆட்களுக்காக.

ஹாக்கின் தோழி அவலீனைப் பாருங்கள். ஓடி வரும் வழியிலேயே கணவன் வெஸ்லியைப் பறிகொடுக்கிறாள். கிர்க்வால் காவல்படையில் சேர்ந்து, நேர்மையால் தலைவி ஆகிறாள். இரண்டாம் அங்கத்தில் தன் கீழ் பணியாற்றும் டானிக் மீது அவளுக்கு மனம் போகிறது. கொள்ளைக்காரர்கள் முன் நடுங்காதவளுக்கு இவனிடம் வாய் வரவில்லை. செம்பில் செதுக்கிய சாமந்திப் பூக்களை நம் கையில் கொடுத்து அவனிடம் சேர்க்கச் சொல்கிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சாராயக் கடையில் சந்திப்பு ஏற்பாடு செய்தால் அவள் வராமல் நழுவிவிட, ஹாக்குக்குத்தான் தன் மேல் கண்ணோ என்று டானிக் சங்கடப்படுகிறான். கடைசியில் இருவரையும் ரோந்து போகச் சொல்லிவிட்டு, நாம் முன்னால் ஓடி வழியிலுள்ள கொள்ளையரை எல்லாம் தீர்த்துக்கட்டித் தீப்பந்தம் ஏற்றிக் காட்ட வேண்டும். அவள் பின்னால் அவனோடு நடந்து வந்து, காதலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறாள். இதுதான் அந்தப் பணி முழுவதும். உலகம் அழியவில்லை, ராஜ்யம் கவிழவில்லை. மூன்றாம் அங்கத்தில் இருவரும் கணவன் மனைவியாக இருப்பதைப் பார்க்கும்போது, ஒரே ஊரில் ஏழு ஆண்டு என்ற யோசனை எதற்கு என்பது விளங்குகிறது. பயணக் கதையில் இதற்கு நேரம் இருக்காது.

தோழர்கள் எல்லாரும் நம் முதுகுக்குப் பின்னாலேயே கூடாரம் போட்டுக் காத்திருப்பவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஊரில் ஓர் இருப்பிடம், ஒரு பிழைப்பு. மந்திரவாதியான ஆண்டர்ஸ் டார்க்டவுனில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கிறான். முன்னாள் அடிமையான ஃபென்ரிஸ், தன் எசமானரின் கைவிடப்பட்ட மாளிகையில் கூட்டிப் பெருக்காமல் குடியிருக்கிறான். நாம் இல்லாதபோதும் அவர்களுக்குள் போக்குவரத்து உண்டு. டானிக்கும் ஃபென்ரிஸும் சீட்டாடுகிறார்கள் என்பது நமக்குப் பேச்சுவாக்கில்தான் தெரியவரும்.

ஆரிஜின்ஸில் தோழர்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தே மனத்தைப் பிடித்துவிடலாம். இங்கே அந்த அளவுகோலை மாற்றிவிட்டார்கள். ஒரு முனையில் நட்பு, மறுமுனையில் எதிர்நிலை. முட்டி மோதிக்கொண்டே ஒருவருக்கு நெருக்கமாகலாம், காதலிக்கக்கூடச் செய்யலாம். மெரில் என்ற தோழி ஆபத்தான ஒரு மாயக் கண்ணாடியைப் பழுது பார்க்கிறாள்; அதற்கான கருவியைத் தராமல் மறுத்தால் நம்மிடம் கோபிப்பாள், ஆனால் விட்டுப் போகமாட்டாள். அந்தக் கோபத்துக்கென்றே தனி வசனங்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் தண்டனை இரண்டுங்கெட்டானுக்குத்தான். இன்னொரு தோழி இசபெலா இரண்டாம் அங்கத்தின் முடிவில் நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடுகிறாள். நட்போ எதிர்ப்போ, ஏதோ ஒன்று முற்றியிருந்தால் மனசாட்சி உறுத்தித் திரும்பி வருவாள். பட்டும் படாமலும் பழகியிருந்தால் போனவள் போனவள்தான். தொடரின் பிற்காலப் பாகங்கள் இந்த ஏற்பாட்டைத் தூக்கிப் போட்டது எனக்கு இன்றுவரை புரியாத முடிவு.

ஹாக் என்ன பேச வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் வசனச் சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணிவு, கிண்டல், முரட்டுத்தனம் என்று மூன்று தொனிகள். எதை அதிகம் தேர்ந்தெடுக்கிறோமோ, அதுவே ஹாக்கின் சுபாவமாகப் பதிந்து, நாம் தேர்ந்தெடுக்காத இடங்களிலும் அவன் அதே தொனியில் பேச ஆரம்பிக்கிறான். ஆரிஜின்ஸின் நாயகன் ஊமை. ஹாக்குக்குக் குரல் உண்டு. கிண்டல்காரனாக வளர்த்த ஹாக், தாயின் மரணத்தின்போது கிண்டலடிக்க வழியின்றித் தடுமாறும் இடத்தில் அந்தக் குரலின் அருமை தெரியும். சக்கரத்தில் காட்டும் நாலு சொல்லுக்கும் ஹாக் உண்மையில் பேசுவதற்கும் சில சமயம் சம்பந்தமே இருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சண்டை வேகமாகிவிட்டது. மந்திரவாதி கோலைச் சுழற்றி அடிப்பதைப் பார்த்தால் சிலம்பம் கற்றவன்போல இருக்கும். மந்திரவாதி ஓர் எதிரியை உறையவைத்து நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவர, வாள்வீரன் வந்து ஓங்கி அடிக்க, ஒரே அடியில் தூள். ஒருவர் போட்ட அடித்தளத்தின் மேல் இன்னொருவர் அடிக்கும் இந்தக் கூட்டு உத்தி ஆரிஜின்ஸில் இருந்ததைவிடத் தெளிவானது. கெடுப்பது எதுவென்றால் அலைகள். ஒரு கூட்டத்தை யோசித்து, நிறுத்தி நிறுத்தி வீழ்த்தி முடிக்கும்போது, கூரையிலிருந்து இன்னொரு கூட்டம் குதிக்கும். அதுவும் நாம் பத்திரமாகப் பின்னால் நிறுத்திய மந்திரவாதியின் தலைமேல். குகைக்குள் கூரை இல்லாத குறைக்கு, வெறுந்தரையிலிருந்தே முளைப்பார்கள். எத்தனை பேர், எங்கிருந்து வருவார்கள் என்று தெரியாதபோது வியூகம் எதற்கு? மேலிருந்து களத்தைப் பார்க்கும் கேமரா கோணத்தையும் எடுத்துவிட்டார்கள். தோழர்களின் கவசத்தை மாற்ற முடியாது. ஆகவே பெட்டிகளில் கிடைக்கும் கவசங்களில் பெரும்பகுதி விற்பனைக்குத்தான். மீதி, கிழிந்த கால்சட்டை.

மூன்றாம் அங்கம்தான் விளையாட்டின் பலமும் பலவீனமும் ஒரே கட்டடத்தில் மோதும் இடம். ஆண்டர்ஸின் உடலில் நீதி என்ற ஆவி குடியிருக்கிறது. அதைப் பிரிக்க மருந்து காய்ச்ச வேண்டும், இரண்டு பொருள் தேடிக் கொடு என்கிறான். நாமும் நண்பனாயிற்றே என்று சாக்கடையிலும் சுரங்கத்திலும் அலைந்து, எத்தனையோ சேகரிப்புப் பணிகளில் இதுவும் ஒன்று என்று பொறுக்கிக் கொடுக்கிறோம். பிறகு தேவாலயத்துக்குப் போய் தலைமைக் குரு எல்தினாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு, ஏன் என்று கேட்காதே என்கிறான். சில மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அந்தத் தேவாலயம் குருவோடு சேர்ந்து வெடித்துச் சிதறுகிறது. நாம் பொறுக்கிக் கொடுத்தது வெடிமருந்துச் சரக்கு. உதவ மறுத்திருந்தாலும் அவன் செய்திருப்பான், அது வேறு. ஆண்டர்ஸ் ஒரு பெட்டியின் மேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான். கொல்வதா, துரத்துவதா, கூடவே வைத்துக்கொள்வதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். சேகரிப்புப் பணி என்ற சலிப்பூட்டும் வழக்கத்தையே கண்ணியாக மாற்றிய வேலை இது. கைதட்டலாம்.

தட்டிய கை ஓய்வதற்குள் கெடுத்துவிடுகிறார்கள். மந்திரவாதிகளா டெம்ப்ளர்களா, யார் பக்கம் என்று முடிவெடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? மந்திரவாதிகளுக்காகவே நாம் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டாலும் அவர்களின் தலைவர் ஒர்சினோ, வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் பிணங்களைச் சேர்த்துத் தன்னையே ஒரு பூதமாக்கிக்கொண்டு நம் மேலேயே பாய்கிறார். பிறகு டெம்ப்ளர் தலைவி மெரடித். சிவப்பு லைரியம் என்ற மாயக் கனிமத்தின் பிடியில் புத்தி பேதலித்தவள். இரண்டு பேரையும் எப்படியும் கொல்லத்தான் வேண்டும். ஏழு ஆண்டுகளாக இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று நிதானமாகக் கட்டியெழுப்பிய வழக்கை, இரண்டு தரப்பும் பைத்தியம் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாம் அங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குனாரிகள் என்ற அந்நியப் படையினரின் தலைவன் அரிஷாக், களவுபோன புனித நூல் கிடைக்காமல் நாடு திரும்ப முடியாதவன். ஆண்டுக்கணக்கில் துறைமுகத்தில் உட்கார்ந்து இந்த நகரத்தின் அழுக்கைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் வாளை உருவுகிறான். அவனோடு ஒற்றைக்கு ஒற்றை மோதலாம், கூட்டமாக மோதலாம், நூலைத் திருடிய இசபெலா திரும்பி வந்திருந்தால் அவளையே ஒப்படைக்கலாம். எதைச் செய்தாலும் அவன் பக்க நியாயம் அப்படியே நிற்கிறது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

இன்று வாங்குவோருக்கு: ஆரிஜின்ஸ் ஆடிவிட்டு வந்தால் நல்லது, கட்டாயமில்லை. என் அக்கா மகன் நேராக 2014-இல் வந்த மூன்றாம் பாகமான இன்க்விசிஷனில் தொடங்கியவன். “மாமா, இந்த வாரிக் ஏன் எல்லாரையும் முன்பே தெரிந்தவன்போலப் பேசுகிறான்?” என்று கேட்டான். அதற்குப் பதில் முழுக்க இந்த இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. 2011 ஜூலையில் வந்த லெகசி என்ற கூடுதல் பகுதியையும் சேர்த்தே வாங்குங்கள். விமர்சனங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்கென்று புதிதாகக் கட்டிய இடங்கள், ஹாக்கின் தந்தையைப் பற்றிய கதை, இன்க்விசிஷனுக்கு நேரடித் தொடர்பு. அதே ஆண்டு அக்டோபரில் வந்த மார்க் ஆஃப் தி அசாசின் சிரிக்கச் சிரிக்கப் போகும், ஒளிந்து நடக்கும் பகுதிகளில் பொறுமை வேண்டும்.

கடினநிலையை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நம் மந்திரம் நம் ஆட்களையே சுடும், அலை அலையாக வரும் கூட்டத்தில் அது வெறும் இம்சை. பிணத்தருகே கிடைத்த பொருளை முன்பின் தெரியாத ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் சில்லறைப் பணிகளைத் தயங்காமல் விட்டுவிடலாம். தோழர்களின் வீடு தேடிப் போகும் பணி எதையும் விடக் கூடாது. அங்கம் மாறினால் பெரும்பாலும் கிடைக்காது. வெளியே கிளம்பும்போது அவலீனையும் இசபெலாவையும் ஒன்றாக அழைத்துப் போங்கள். நடக்கும் வழியெல்லாம் இருவரும் ஒருவர் காலை ஒருவர் வாருவதைக் கேட்டுக்கொண்டே போனால், அதே குகை நான்காம் முறை வந்தாலும் பெரிதாகத் தோன்றாது.